பெரிய பிரஸ்ஸின் பெயர்

வாய்விட்டுப் பேசக் கற்றுக்கொடுப்பதற்காக எங்கள் தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவரை வரவழைத்தோம் என்று சொன்னால் அணுபுரத்தில் என் அக்கம்பக்கத்தார் சிரிக்கிறார்கள். "உங்க பொண்ணுங்களுக்கா? அவங்க வாய்க்கா பஞ்சம்?" என்கிறார்கள். பஞ்சம் இல்லைதான். அச்சரப்பாக்கத்திலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ் மதுராந்தகம் தாண்டும்போது உள்ளே நடக்கிற பேச்சில் டிரைவருக்கே ஹாரன் சத்தம் கேட்காது. ஆனால் அதே பெண்கள் அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றுவிட்டால் வாய் அடைத்துவிடும். எதைக் கேட்டாலும் "சரி மேடம்". புரிந்தாலும் சரி மேடம், புரியாவிட்டாலும் சரி மேடம். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வருடக்கணக்கில் பித்தம் ஏறியிருக்கிறது.

நான் அங்கே பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் கரூர்ப் பக்கம். கணவருக்கு அணு ஆராய்ச்சியில் வேலை என்பதால் அணுபுரத்துக்கு வந்து சேர்ந்தோம். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, அங்கே கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருக்கும் எங்கள் தொழிற்பேட்டைக்குப் போவேன். நாங்கள் செய்வது காருக்கான ரப்பர் புஷ்கள். வண்டியின் அடியில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே உட்கார்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் சாமான். கார் பள்ளத்தில் விழும்போது உங்கள் இடுப்பு தப்பிக்கிறது என்றால் அதில் எங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

எங்கள் கூட்டாளிக் கம்பெனி ஜப்பானில் இருக்கிறது. முன்பெல்லாம் அங்கிருந்து இரண்டு பேர் வருவார்கள். திரையில் படம் போட்டு விளக்குவார்கள். எங்கள் பெண்கள் "சரி சார்" என்பார்கள். வந்தவர்கள் திருப்தியாகத் திரும்பிப் போவார்கள். மறு வாரமே எல்லாம் பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் அவர்களுக்கே சலித்துவிட்டது. "நாங்கள் சொல்லி உங்களுக்கு ஏறாது. எங்களிடம் கற்றுக்கொண்டவர்கள் தாய்லாந்துக் கிளையில் இருக்கிறார்கள். கற்றுக்கொள்ளப் பட்ட பாடு அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். அவர்களிடம் கேளுங்கள்" என்று எழுதினார்கள். அவர்கள் எங்களுக்குச் சொன்ன யோசனைகளிலேயே உருப்படியானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

தாய்லாந்திலிருந்து வந்தவர் ஒரு பெண். குட்டையான உருவம், நாற்பது தாண்டிய வயது. எங்களுடையதைப் போன்ற, ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்தும் பிரஸ்ஸில் ஆபரேட்டராக ஆரம்பித்து, இப்போது அங்கே பயிற்சி கொடுப்பவர். ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம்தான் வரும். எனக்கு வரும், ஆனால் நான் பேசுவது அவருக்குப் புரியாது. போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியையும் கைகளையும் வைத்து ஒப்பேற்றினோம். முதல் வாரமே பெண்கள் அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கி நான் அதற்கு விளக்கம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் ஊர்த் தொழிற்சாலையிலும் தங்களைவிட மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அவர் தாய்லாந்து அக்கா.

அவர் கொண்டுவந்த முறை எளிமையானது. மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டிய ஒவ்வொன்றையும் கையை நீட்டி விரலால் காட்ட வேண்டும். காட்டிக்கொண்டே மெஷினின் பெயரையும், பார்த்தது என்ன என்பதையும் உரக்கச் சொல்ல வேண்டும். பிரஸ்ஸின் பின்பக்கம் நிற்கும் துணையாள் அதைக் கேட்டுப் பதில் குரல் கொடுக்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் அடுத்த வேலை. ஜப்பானில் ரயில் ஓட்டுகிறவர்கள் இப்படித்தான் செய்வார்களாம். கண் மட்டும் பார்த்தால் மனது வேறெங்காவது போய்விடும், கையும் வாயும் சேர்ந்துகொண்டால் போகாது என்பது இதன் கணக்கு.

முதல் நாள் ஒரே சிரிப்பு. கையுறை போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். "இன்னா மேடம், மெஷினாண்ட பேசிகினு நிக்கணுமா? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. "பஸ்ஸுல கண்டக்டர் எதுக்குப் படியில தட்டி போலாம் ரைட்னு கத்தறாரு? டிரைவருக்குக் கண்ணாடி இல்லையா?" என்றேன். "அதுவும் கரீட்டுதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தாய்லாந்து அக்காவுக்கு நான் கண்டக்டரை நடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அவர் அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். தங்கள் ஊரிலும் இதே மாதிரி வாயைப் பொத்திச் சிரித்தார்கள் என்றும், தான் பல நாட்கள் முணுமுணுப்பாகவே சொல்லி வந்ததால் ஜப்பான்காரர் தன்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திக் கத்தச் சொன்னார் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு பெண்களுக்கு அவர்மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

மெஷின்களுக்குப் பெயர் வைத்தது இதன் அடுத்த கட்டம். எண்களைக் கத்தினால் இரைச்சலில் ஒன்றுக்கொன்று குழம்பும் என்பதால் தாய்லாந்தில் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ஒரு பழத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பெண்களிடம் பெயர் வைக்கச் சொன்னால் பழத்துக்கா போவார்கள்? எல்லாம் சாமி பெயர்தான். பெயின்டர் வந்து பலகை எழுதினார். சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, பொங்கல் வாங்கிச் சாப்பிட்டோம். இருப்பதிலேயே பெரிய பிரஸ்ஸுக்கு இந்தப் பக்கத்து வீடுகளில் மிகவும் செல்வாக்கான ஒரு சாமியின் பெயரை வைத்தார்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை. தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர் என்பது போதும்.

அந்த வாரம் பெரிய பிரஸ்ஸை ஓட்டுகிறவர் விடுப்பில் இருந்தார். கருங்குழியிலிருந்து வருகிறவர். நாங்கள் அவரைக் கருங்குழிக்காரம்மா என்போம். மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து பலகையை அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார். அது அவருடைய கணவரின் பெயர்.

நான் என் கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அதுவும் பெரும்பாலும் கோபத்தில். அவருக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. அதனால் இப்படி ஒரு சிக்கல் வரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கருங்குழிக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்காரர் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையிலோ வங்கியிலோ கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வார். பெரிய பிரஸ்ஸிடமும் அவர் அதே மரியாதையோடு நடந்துகொண்டார். மற்றவர்கள் பெயரைக் கத்திவிட்டு "டெம்பரேச்சர் சரி" என்றால் இவர் விரலை நீட்டி, "இவரு, டெம்பரேச்சர் சரி" என்பார். சூடும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கும் அந்த இரும்பு யானைக்கு, மெஷின்கள் ஓடும் எங்கள் ஷாப்பில் 'அவர்' பட்டம் கிடைத்தது அப்படித்தான். நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

சிரிப்பு ஒரு நாள் நின்றது. பெரிய பிரஸ்ஸுக்கும் அதன் பக்கத்துப் பிரஸ்ஸுக்கும் பின்பக்கத் துணையாள் ஒருவர்தான். 'ரெடி' கேட்டதும் பதில் சொல்லி, மூடும் பட்டனை அழுத்துவது அவர் வேலை. அன்று புதிதாக மாறி வந்த பெண் நின்றிருந்தாள். முன்பக்கமிருந்து "இவரு, ரெடி" என்று குரல் கேட்டதும் அவள் "சரி" சொல்லி, பக்கத்துப் பிரஸ்ஸின் பட்டனை அழுத்திவிட்டாள். இரண்டும் சாமிதானே, இவர் எவர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பாதி அடுக்கியிருந்த அச்சு மூடிக்கொண்டது. அந்தப் பிரஸ்ஸின் ஆபரேட்டர் அந்த நேரம் கையுறை மாற்றுவதற்காகத் திரும்பியிருந்தாள். அதனால் நசுங்கியது ரப்பர் மட்டும்தான். கருங்குழிக்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை கூட்டத்தில் தாய்லாந்து அக்கா குரலை உயர்த்தவில்லை. ஆனால் முடிவாகச் சொல்லிவிட்டார். பெயர் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் அந்த ஆபரேட்டருக்குப் பயிற்சி முடிவில் நடக்கும் தேர்வில் சான்றிதழ் கிடையாது, பிரஸ்ஸையும் கொடுக்க முடியாது.

அந்தச் சான்றிதழ் கருங்குழிக்காரம்மாவுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். பெரிய பிரஸ்ஸில் தேறினால் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் லைன் டிரெய்னர். டிரெய்னருக்குப் பகல் ஷிப்ட் மட்டும்தான். முந்தைய வருடம் அவர் வீட்டுக்காரர் குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டு போனபோது படாளம் பக்கம் லாரி மோதி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து பிழைத்து வந்தவர். கால் இன்னும் சரியாகவில்லை. இரவில் எழுந்து நடக்கத் துணை வேண்டும். இரவு ஷிப்ட் வாரங்களில் மகள்தான் பார்த்துக்கொள்கிறாள், அவளுக்கோ பரீட்சை நெருங்குகிறது. பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டால் அந்த வீடு மூச்சு விடும்.

பலகையை மாற்றிவிடலாம் என்று நான் முதலில் நினைத்தேன். பராமரிப்புப் பிரிவின் போர்மேன் காதைப் பொத்திக்கொண்டார். "சூடம் காட்டி தேங்கா ஒடச்சாச்சு மேடம். சாமி பேர அழிக்கற வேலைக்கு என் கை வராது. நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க." வேறு ஆளும் கிடைக்கவில்லை. மேனேஜரிடம் போனேன். மெத்தப் படித்தவர், வெளிநாடெல்லாம் சுற்றியவர். பேனாவை மேசையில் தட்டியபடி, "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றார். கருங்குழிக்காரம்மாவை வேறு பிரஸ்ஸுக்கு மாற்றினால் வெறும் சான்றிதழ்தான் கிடைக்கும், டிரெய்னர் ஆக முடியாது; அதற்குப் பெரிய பிரஸ்ஸில் தேற வேண்டும்.

அடுத்த நாள் கேன்டீனில் நான், கருங்குழிக்காரம்மா, தாய்லாந்து அக்கா மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தோம். "ஏம்மா, இந்தக் காலத்துல இதெல்லாம் ஒரு விஷயமா? மெஷின் பேருதானே? மெஷினா நெனைச்சு சொல்லிட்டுப் போங்களேன்" என்றேன். எனக்கே என் குரல் கொஞ்சம் வெட்டாகத்தான் கேட்டது.

கருங்குழிக்காரம்மா சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பேரு சொன்னா அவுங்களுக்கு ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லிகினே இருக்கும் மேடம். அதெல்லாம் பொய்யின்னு எனக்கும் தெரியும். டிவில கூட சொல்றாங்க."

"அப்புறம் என்ன?"

"போன வருசம் அந்தாண்ட வரைக்கும் போயிட்டு வந்துகீறாரு. எட்டு எடுத்து வெச்சா வலிக்குதுன்றாரு. இப்பப் போயி நானு தெனிக்கும் பத்து வாட்டி அவுரு பேரச் சொல்லி, நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா? பொய்யின்னு சொல்லிகினு மனசத் தேத்திக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

விஷயத்தைத் தாய்லாந்து அக்காவுக்குப் போனில் தட்டிக் காட்டினேன். செயலி என்னத்தை மொழிபெயர்த்ததோ, அவர் இரண்டு தடவை படித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்றார். பேய் வந்து தூக்கிப் போய்விடும் என்று பழைய பயம். தவளை, பன்றிக்குட்டி, நண்டு என்று ஏதாவது ஒரு பெயரில் கூப்பிடுவார்களாம். தன்னை வீட்டிலும் வேலையிலும் இறால் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றார். "பயம் எனக்குத் தெரியும்" என்று அந்தச் செயலி தமிழில் வாசித்தது. அடுத்த வரியையும் வாசித்தது. "ஆனால் விதி மாறாது. மன்னிக்கவும்." கருங்குழிக்காரம்மா தலையாட்டினார். அந்த விதியின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அன்று அந்த அச்சு மூடிக்கொண்டதை அவரும்தானே பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாய்லாந்து அக்காவுக்கு மாமல்லபுரத்தைக் காட்டலாம் என்று கம்பெனி வேன் ஏற்பாடு செய்து, தேர்வுக்குப் போகிற பெண்கள் எல்லோரும் கிளம்பினோம். பட்டும் பூவுமாக வந்திருந்தார்கள். சிப்பிக் கடைகளில் அக்காவுக்காக ஆளாளுக்குப் பேரம் பேசி, கடைக்காரரைப் பேஜார் பண்ணி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கிக்கொடுத்தார்கள். வறுத்த மீன் சாப்பிட்டோம். பிறகு கடற்கரைக்குப் போனதும் அக்காவுக்குள் இருந்த வாத்தியார் எழுந்துகொண்டார். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, அலைக்கு மேலே கேட்கிற மாதிரி கத்தச் சொன்னார். கட்டுமரம், சரி. கலங்கரை விளக்கம், சரி. சுண்டல்காரர், சரி. சுண்டல்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வந்துவிட்டார். வாங்கினோம்.

கருங்குழிக்காரம்மா மட்டும் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் ஈர மணலில் நின்றார். எங்களுக்கு முதுகு. காற்றில் முந்தானை படபடத்தது. வலது கையைக் கடலைப் பார்த்து நீட்டினார். நெடுநேரம் அப்படியே நின்றார். ஏதாவது சொன்னாரா இல்லையா என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "காத்து" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் என்று மட்டும் சொன்னால் போதாது. எனக்கும் அவர் வயதுதான், எனக்கும் வீட்டில் ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒன்று என்றால் நான் எதையெல்லாம் நம்புவேன் என்று யோசித்தபடியே வேனில் ஏறினேன்.

தேர்வு நாள் குடும்ப தினத்தோடு சேர்ந்து வந்தது. வருடத்துக்கு ஒருமுறை தொழிலாளர்களின் வீட்டாரை அழைத்து ஷாப்பைச் சுற்றிக் காட்டுவோம். தேர்வைப் பார்க்க வரும் ஜப்பான்காரர்கள் அன்று மாலையே விமானம் ஏற வேண்டியிருந்ததால் குடும்பங்களுக்கு முன்னாலேயே தேர்வை வைத்துவிடுவதாக மேனேஜர் முடிவு செய்தார். கேட்டதும் கருங்குழிக்காரம்மா என்னிடம் ஓடி வந்தார். "மேடம், அவுரு வராரு. அவுரு எதுருல எப்டி மேடம்? வூட்டாளுங்கள அப்பறமா வுடுங்களேன்." மாற்றிப் பார்க்கிறேன் என்று மேனேஜரிடம் மல்லுக்கட்டினேன். முடியவில்லை.

அவர் வீட்டுக்காரரை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் ஊன்றுகோல். அதிகம் பேசாதவர். பெரிய பிரஸ்ஸுக்கு எதிரே வந்ததும் நின்று பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். மெஷினுக்குத் தன் பெயர் இருப்பதை வீட்டில் அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் பெயரைச் சொல்ல வேண்டுமே.

"என் பேரு போட்டுகீது" என்றார் என்னிடம், மெதுவாக.

"சாமி பேருங்க" என்றேன்.

"அப்டியா" என்றார். ஆனாலும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் முன் வரிசையில், பலகை நேராகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக முடித்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் வாயைப் பொத்திச் சிரித்த பெண்கள் இப்போது விரலை நீட்டிக் கத்தியதில் அவர்கள் பிள்ளைகளே மிரண்டார்கள். கடைசியாகக் கருங்குழிக்காரம்மாவின் முறை. பெரிய பிரஸ்ஸின் முன்னால் போய் நின்றார். பின்பக்கம் துணைக்கு நின்றவள் அன்றைக்குத் தவறாகப் பட்டனை அழுத்திய அதே பெண். அவளும் உதட்டைக் கடித்தபடி நின்றாள். தாய்லாந்து அக்கா மதிப்பெண் அட்டையோடு காத்திருந்தார். அவர் பக்கத்தில் ஜப்பான்காரர்கள், மேனேஜர், நான்.

கருங்குழிக்காரம்மா விரலை நீட்டி வெப்பமானியைக் காட்டினார். உதடு பிரிந்தது. குரல் வரவில்லை. நீராவியின் புஸ் சத்தம் மட்டும் கேட்டது. கை நீட்டியபடியே இருந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன். கருங்குழிக்காரம்மா மெல்லத் திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். எதற்காக இந்தத் தாமதம் என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஊன்றுகோலில் சாய்ந்து, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளை மேடை ஏறியிருப்பதைப் பார்க்கிற அப்பா மாதிரி, கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கருங்குழிக்காரம்மா கண்ணை மெஷினுக்குத் திருப்பினார். பெயரைச் சொன்னார். ஷாப்பின் மறுகோடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்.

பின்பக்கத்துப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்பே முன் வரிசையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"தோ, இங்கதான் கீறேன்."

வீட்டுக்காரர்தான். கூப்பிட்ட குரலுக்கு, யோசிக்காமல், பதறிப்போய்ச் சொன்ன பதில். இத்தனை வருடத்தில் அந்தக் குரல் அவரை அப்படிக் கூப்பிட்டதேயில்லை. என்னமோ ஏதோ என்று ஊன்றுகோலை முன்னால் வைத்து மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓர் எட்டும் எடுத்துவிட்டார். கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற மகள் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் காதெல்லாம் சிவந்துவிட்டது.

கருங்குழிக்காரம்மா சிரிக்கவில்லை, திரும்பவும் இல்லை. நீட்டிய கையை இறக்காமல், "டெம்பரேச்சர் சரி" என்றார். அடுத்து பிரஷர். பெயரைச் சொன்னார். அடுத்து கதவுப் பூட்டு. பெயரைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் பின்பக்கத்துப் பெண் "சரி" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கடைசியில் பெயரோடு "ரெடி" என்றார். பின்பக்கத்துப் பெண் பதில் சொல்லி, பட்டனை அழுத்தினாள். பெரிய பிரஸ் மெதுவாக மூடியது. எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. கூட்டத்துக்கு நடுவே மூக்கைச் சிந்த வேண்டியதாகிவிட்டது, மானம் போயிற்று.

தாய்லாந்து அக்கா என் பக்கம் சாய்ந்து, அந்த மனிதர் என்ன சொன்னார் என்று கேட்டார். "இங்கேதான் இருக்கிறேன் என்றார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நான் பேசிய ஆங்கிலத்தில் அவருக்கு உடனே புரிந்தது அந்த ஒன்றுதான். அட்டையில் ஒவ்வொரு கட்டமாகச் சரி போட்டுக்கொண்டே வந்தார்.

கேன்டீனில் வடை டீ கொடுத்துவிட்டு முடிவை அறிவித்தார்கள். மேனேஜர் தேறியவர்களைக் கூப்பிட்டு, நீலக் கோப்பில் வைத்த சான்றிதழை ஜப்பான்காரர் கையால் கொடுக்கச் செய்தார். கருங்குழிக்காரம்மாவும் வாங்கினார். எல்லோரும் அங்கேயே திறந்து பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மூடிய கோப்பை மார்போடு பிடித்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார். கண் முழுக்கத் தூரத்தில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் மேலேயே இருந்தது.

"அவுருக்கு ஒன்னும் ஆவாதில்ல மேடம்?"

எனக்கு விளக்கம் சொல்கிற வியாதி உண்டு. வீட்டிலும் கெட்ட பெயர் அதற்குத்தான். அன்று, "ஒன்னும் ஆகாதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டாரே தவிர கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் டீயைக் குடித்து முடித்தார். தம்ளரை வைத்தார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தார். கம்பெனி பஸ்ஸின் படியில் ஊன்றுகோலை முதலில் வைத்து, பிறகு நல்ல காலை வைத்து, பிறகு மற்றக் காலை இழுத்து ஏறினார். இவர் அவருக்குப் பின்னாலேயே, ஒரு கையை அவர் முதுகுக்குப் பக்கத்தில் தொடாமல் பிடித்தபடி ஏறினார். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, காலை நீட்டி, "உஸ்" என்று மூச்சு விட்ட பிறகுதான் இவர் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பைத் திறந்து பார்த்தார்.